ப்ராஸ்டேட் கேன்சருக்கு வெளியில ஒரு கரண்டு, உள்ள ஒரு கரண்டு: ராம்நாடு கடற்கரைக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்ம பக்கம் ரேடியேஷன், அதான் கதிர்வீச்சு வைத்தியம்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது, கரண்டு வைக்கிறதுன்னு சொன்னாத்தான் புரியும், அதனால நானும் அப்படியே எழுதுறேன். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டின்னு எந்த ஊர்க்காரரா இருந்தாலும், வீட்ல ஒரு பெரியவருக்கு ப்ராஸ்டேட்ல கேன்சர்னு வந்து, டாக்டர் "வெளியில இருந்து கரண்டு, அப்பறம் உள்ள ஊசி வச்சு ஒரு கரண்டு, ரெண்டும் சேத்துக் குடுக்கலாம்"னு சொல்லியிருந்தா இது உங்களுக்குத்தான். எங்க தாய்மாமாவுக்கு இது நடந்தப்போ கூடவே அலைஞ்சவன் நான், டாக்டர் இல்ல. எலும்புக்கோ வேற இடத்துக்கோ பரவிருச்சுன்னு ரிப்போர்ட் சொன்னா அது வேற வைத்தியம், இங்க எழுதுறது கேன்சர் ப்ராஸ்டேட்டோட நிக்கிறவங்களுக்கு.

முதல்ல ரிப்போர்ட்ல மூணு விஷயம் பாருங்க

பிஎஸ்ஏ எவ்வளவு, க்ளீசன் ஸ்கோர் எவ்வளவு, ஸ்டேஜ் என்ன. இந்த மூணும் தெரியாம யார்ட்ட போய் என்ன கேட்டாலும் பிரயோஜனம் இல்ல. பிஎஸ்ஏங்கிறது ப்ராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம், ரத்தத்துல பாக்கிறது, க்ளீசன்ங்கிறது கேன்சர் செல்லு எவ்வளவு மூர்க்கம்னு சொல்ற மார்க், பயாப்ஸில, அதான் சதையக் கிள்ளி எடுத்துப் பாக்கிறதுல தெரியும், ஸ்டேஜ் டாக்டர் விரல் விட்டுப் பாக்கிறதுலயும் எம்ஆர்ஐலயும் தெரியும். பயாப்ஸி எடுத்தா பரவிரும்னு கடைத்தெருவுல பத்துப் பேர் சொல்லுவாங்க, காதுல வாங்காதீங்க, பயாப்ஸி இல்லாம எந்த ஆஸ்பத்திரியிலயும் கரண்டு ஆரம்பிக்க மாட்டாங்க.

பொதுவா பிஎஸ்ஏ 10க்குக் கீழ, க்ளீசன் 6, கட்டி சின்னதுன்னா ஆபத்து கம்மியான குரூப். இவங்கள்ல நிறையப் பேருக்கு உடனே வைத்தியமே வேணாம், செக்கப் மட்டும் பண்ணிக்கிட்டே இருக்கலாம்னு சொல்லுவாங்க. பிஎஸ்ஏ 10ல இருந்து 20, இல்ல க்ளீசன் 7ன்னா நடு குரூப். 20க்கு மேல, இல்ல க்ளீசன் 8, 9, 10, இல்ல கட்டி ப்ராஸ்டேட் உறையைத் தாண்டி எட்டிப் பாக்குதுன்னா ஹை ரிஸ்க். நடு குரூப்லயும் ரெண்டு இருக்கு, க்ளீசன் 3+4ன்னா கொஞ்சம் சாது, 4+3ன்னா கொஞ்சம் மூர்க்கம், கூட்டினா ரெண்டும் 7தான் ஆனா ஒன்னு கிடையாது. ரிப்போர்ட்ல வெறும் 7ன்னு போட்டிருந்தா எந்த 7ன்னு கேளுங்க. ஹை ரிஸ்க்குன்னா எலும்பு ஸ்கேன், இல்லாட்டி பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் (ப்ராஸ்டேட் கேன்சரை உடம்பு பூரா தேடுற ஸ்கேன்) எடுத்து வேற எங்கயும் போகலைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் மத்தது.

ரெண்டு கரண்டு எதுக்கு

"ஏன் மாப்ள, ஒரு கரண்டு பத்தாதா, ரெண்டு எதுக்கு, பில்லு ஏத்துறானுகளா?" எங்க மாமா டாக்டர் ரூம்ல இருந்து வெளியில வந்ததும் கேட்ட முத கேள்வி இதுதான். நியாயமான கேள்வி, நீங்களும் கேக்கணும், வெளியில வந்து மாப்ளட்ட இல்ல, உள்ள டாக்டர்ட்டயே கேக்கணும்.

விஷயம் இதுதான். ப்ராஸ்டேட்ங்கிறது ஒரு பெரிய நெல்லிக்காய் சைஸ் சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழ, மலக்குடலுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. கேன்சரைக் கொல்ல டோஸ் நிறைய வேணும், ஆனா வெளியில இருந்து அடிக்கிற கரண்டை ஏத்திக்கிட்டே போனா மலக்குடலும் மூத்திரப்பையும் சேந்து வாங்கும். உள்ள வைக்கிற கரண்டு, அதான் பிரேக்கிதெரபி, ப்ராஸ்டேட்டுக்குள்ளயே கதிர் குடுக்கிற பொருளைக் கொண்டு போய் வைக்கிறது, அதுல சுரப்பிக்குள்ள டோஸ் பயங்கரமா இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போனாலே சடார்னு கொறைஞ்சிரும். ஆனா உறையைத் தாண்டி, விந்துப்பை பக்கமோ நெறிக்கட்டி பக்கமோ கண்ணுக்குத் தெரியாம நாலு செல்லு போயிருந்தா அதை உள்ள வைக்கிற கரண்டு எட்டாது. அதுக்கு வெளியில இருந்து அகலமா ஒன்னு. இந்த ரெண்டும் சேந்ததுதான் சங்கதி.

பலன் இருக்கான்னா இருக்கு. கனடாக்காரங்க நடத்தின அசெண்ட்-ஆர்டிங்கிற ஆய்வுல நடு குரூப், ஹை ரிஸ்க் ஆளுங்க 398 பேர், எல்லாருக்கும் ஒரு வருஷம் ஹார்மோன் ஊசி (இதைப் பத்தி கீழ இருக்கு), எல்லாருக்கும் வெளியில இருந்து 46 கிரே (கிரேங்கிறது கதிர் டோஸோட அளவு). அதுக்கப்பறம் பாதிப் பேருக்கு வெளியில இருந்தே ஏத்தி 78 கிரே வரைக்கும், மீதிப் பேருக்கு உள்ள ஐயோடின் விதை, அதான் கதிர் குடுக்கிற சின்னச் சின்னத் துண்டு, வச்சாங்க. ஏழு வருஷம் கழிச்சு பிஎஸ்ஏ திரும்ப ஏறாம இருந்தவங்க விதை வச்ச பக்கம் 86 சதவீதம், வெளிக் கரண்டு மட்டும் வாங்கினவங்க 75 சதவீதம். ஆனா ஆயுசு கூடுச்சான்னா அதுல ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசம் தெரியல. அதோட மூத்திரப் பிரச்சினை, அதுவும் ஆஸ்பத்திரியில போய் ஏதாவது பண்ண வேண்டிய அளவுக்கு வர்றது, அஞ்சு வருஷத்துல விதை வச்சவங்கள்ல 100க்கு 18 பேர், இன்னொரு பக்கம் 5 பேர். இதை எந்த கவுன்சிலிங்லயும் முழுசா சொல்றதில்லன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கேன்சர் திரும்புறது கொறையும், ஒன்னுக்குப் போற கஷ்டம் கூடும், பேரம் இதுதான், தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இன்னொரு ஆய்வு அமெரிக்காவுல, ஆர்டிஓஜி 0232ன்னு. நடு குரூப் ஆளுங்களுக்கு விதை மட்டும் வச்சாலும், வெளிக் கரண்டும் சேத்து வச்சாலும் அஞ்சு வருஷத்துல பலன் ஒன்னுதான், சேத்து வச்சவங்களுக்குப் பக்கவிளைவுதான் அதிகம்னு வந்துச்சு. அதனால சாதுவான நடு குரூப், ஆபத்து கம்மி குரூப் ஆளுங்களுக்கு ரெண்டையும் சேத்துக் குடுக்கலாம்னு யாராவது சொன்னா ஏன்னு அழுத்திக் கேளுங்க. ஹை ரிஸ்க்குக்கும் மூர்க்கமான நடு குரூப்புக்கும்தான் இது அர்த்தமுள்ளது.

உங்களுக்கு இது ஒத்துக்குமா

இதுக்குப் பதில் நீங்க ஒன்னுக்குப் போற விதத்துல இருக்கு. ஏழு கேள்வி உள்ள ஒரு பேப்பர் தருவாங்க, ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீங்க, முக்கணுமா, விட்டு விட்டு வருதா, அடக்க முடியலையா, இந்த மாதிரி, மொத்தம் 35 மார்க். மார்க் கூடக்கூட கஷ்டம் கூடன்னு அர்த்தம், 20க்கு மேல போனா உள்ள ஊசி வைக்க யோசிப்பாங்க. நம்ம ஆளுங்க இங்கதான் பொய் சொல்லுவாங்க, மக முன்னாடி மருமக முன்னாடி "அதெல்லாம் நல்லாத்தான் போகுது"ம்பாங்க. கேள்வி கேக்கிற நேரம் பொம்பளைங்கள வெளியில உக்கார வச்சிட்டு உண்மையச் சொல்லச் சொல்லுங்க.

ப்ராஸ்டேட் ரொம்பப் பெருசா இருந்தாலும் (60 மில்லிக்கு மேலன்னா) கஷ்டம், ஆனா ஹார்மோன் ஊசி போட்டா சில மாசத்துல சுருங்கும், அப்பறம் பாக்கலாம். முன்னாடி ஒன்னுக்கு அடைப்புக்கு டியூப் விட்டு ப்ராஸ்டேட்டைச் சுரண்டின ஆபரேஷன் நடந்திருந்தா அது எப்ப நடந்துச்சுன்னு டிஸ்சார்ஜ் பேப்பரோட காட்டுங்க, சமீபத்துலன்னா உள்ள ஊசி வைக்க மாட்டாங்க இல்ல தள்ளிப் போடுவாங்க. பெருங்குடல்ல புண் வர்ற வியாதி, மயக்க மருந்து தாங்காத இதயம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ஸ்டென்ட் வச்சது, எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிருங்க. ரத்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, இதய டாக்டரும் இவங்களும் பேசி முடிவு பண்ணணும்.

எங்க போறது

நம்ம மாவட்டத்துக்குப் பக்கம் மதுரைதான், அதுக்கப்பறம் தஞ்சாவூர், திருச்சி, பாண்டிச்சேரி ஜிப்மர், வேலூர், சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. ஒரு ஆஸ்பத்திரியில பிரேக்கிதெரபி மெஷின் இருக்குன்னு போர்டு போட்டிருந்தா உடனே நம்பிறாதீங்க. அந்த மெஷின் நிறைய இடத்துல கர்ப்பப்பை வாய் கேன்சருக்குத்தான் ஓடும், ப்ராஸ்டேட்டுக்கு ஊசி குத்திப் பழகின டீம் வேற. "ப்ராஸ்டேட்டுக்கு இங்க பண்றீங்களா, வருஷத்துக்கு எத்தனை பேருக்கு பண்றீங்க"ன்னு நேராவே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா வேற இடம் பாருங்க.

வெளிக் கரண்டை மதுரையிலயும் உள் கரண்டை சென்னையிலயும் வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா வெளிக் கரண்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு டாக்டரும் பேசியிருக்கணும், ரெண்டு டோஸும் கூட்டிப் பாக்க வேண்டிய கணக்கு. முதல் இடத்துல முழு டோஸும் குடுத்து முடிச்சிட்டு அப்பறம் உள்ள வைக்கலாம்னு போனா முடியாது. கரண்டு எங்க, எவ்வளவுன்னு போட்ட பிளானை கம்ப்யூட்டர் சிடில வாங்கிக்கங்க.

உள் கரண்டுக்கு வசதியே அமையலைன்னா குடி முழுகிப் போகல. வெளிக் கரண்டு மட்டும் நல்ல மெஷின்ல, ஹார்மோன் ஊசியோட சேத்துக் குடுக்கிறதும் உலகம் பூராவும் இருக்கிற முறைதான், ஆபரேஷனும் இருக்கு. இதுக்காகக் கடன் வாங்கி வடக்க ஓடணும்னு இல்ல.

காசு, கார்டு, ரயிலு

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா எடுத்துக்கங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வெளிக் கரண்டும் உள் கரண்டும் தனித்தனி பேக்கேஜா வரலாம், ரெண்டுக்கும் அனுமதி கேட்டீங்களான்னு காப்பீட்டு கவுண்டர்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, பாதியில போய்க் கேட்டா பாதியிலதான் நிக்கும்.

ரயில்ல கேன்சர் நோயாளிக்குச் சலுகை இருக்கு, ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் நோயாளிக்கு டிக்கெட் காசே இல்ல, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கிற ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கங்க, வெறும் சீட்டு எழுதிக் குடுத்தா கவுண்டர்ல திருப்பி அனுப்பிருவாங்க. ராமேஸ்வரம் மதுரை பாசஞ்சர்ல வாரக் கடைசியில வீட்டுக்கு வந்துட்டுப் போகலாம், ஆனா தினமும் போய் வர்றது வேணாம், மதுரையிலயே ஆஸ்பத்திரி பக்கமா ரூம் எடுங்க. ஒன்னுக்கு அடக்க முடியாத மனுசனைக் கூட்ட பஸ்ல நிக்க வச்சு தினமும் கூட்டிட்டுப் போறது வைத்தியம் இல்ல, தண்டனை.

கடல் தொழிலுக்குப் போறவங்க கேக்கிறது, மீன்பிடித் தடைக்காலம் வரைக்கும் தள்ளிப் போடலாமான்னு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எப்படியும் விசைப்படகு கரையிலதானே நிக்குது. ஹார்மோன் ஊசி போட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் நிறைய இடத்துல கரண்டு ஆரம்பிக்கிறாங்க, அதனால இந்தக் கணக்கு பல நேரம் ஒத்துப் போகும். டாக்டர்ட்ட வெக்கப்படாம சொல்லுங்க, ஆனா ஊசி போடாம சும்மா தள்ளிப் போடாதீங்க.

ஹார்மோன் ஊசி

சுருக்கமா. ஆம்பள ஹார்மோனை அடக்கிற ஊசி, மாசத்துக்கு ஒன்னு இல்ல மூணு மாசத்துக்கு ஒன்னு, நடு குரூப்புக்கு ஆறு மாசம் போல, ஹை ரிஸ்க்குக்கு ஒன்னரை வருஷத்துல இருந்து மூணு வருஷம். உடம்பு திடீர்னு குப்புன்னு வேர்க்கும், ஆசை போயிரும், சுகர் ஏறும், எலும்பும் தசையும் கரையும். சுகர்க்காரங்க அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்க, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில நல்லா வேகமா நடங்க, கால்சியம் மாத்திரை பத்தி டாக்டர்ட்ட கேளுங்க. சிடுசிடுன்னு இருப்பாரு, சின்ன விஷயத்துக்குக் கண் கலங்குவாரு, அது ஊசி வேலை, வீட்ல உள்ளவங்க பொறுத்துக்கங்க.

வெளிக் கரண்டு நாட்கள்

முதல்ல சிடி ஸ்கேன் எடுத்து இடம் குறிப்பாங்க, இடுப்புல மூணு பொட்டு மை வைப்பாங்க, அதை அழிக்காதீங்க. அப்பறம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும், 23ல இருந்து 25 தடவ, அஞ்சு வாரம். சில இடத்துல ஒரு தடவைக்கு டோஸைக் கூட்டி 15 தடவையில மூணு வாரத்துல முடிச்சிருவாங்க, ஊர்ல இருந்து போற நமக்கு அது நல்லது, கேட்டுப் பாருங்க. டேபிள்ல படுக்கிறது பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான், வலிக்காது, சுடாது.

வலிக்கிறது வெயிட்டிங் ஹால்லதான். தினமும் மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும், மலக்குடல் காலியா இருக்கணும், அப்பத்தான் முதல் நாள் பிளான் போட்ட மாதிரியே ப்ராஸ்டேட் இருக்கும், குடலும் தள்ளி நிக்கும். ஒன்னுக்குப் போயிட்டு, அரை லிட்டர் தண்ணி குடிச்சிட்டு, அரை மணி முக்கால் மணி உக்காந்திருக்கணும்பாங்க. எங்க மாமா பெஞ்சுல உக்காந்து காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, வேட்டிய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, வேர்த்து வழிஞ்சு, உள்ள இருந்து நர்ஸம்மா "மெஷின்ல ஒரு சின்ன டிலே"ன்னதும் அவர் முகம் போன போக்கு இருக்கே, நடுக்கடல்ல இஞ்சின் நின்னப்பக்கூட அப்படிப் பாத்ததில்ல. அதனால நீங்க வந்ததும் குடிக்காதீங்க, உள்ள எத்தனை பேர் பாக்கின்னு டெக்னீசியன்ட்ட கேட்டு, அவர் சொன்னப்பறம் குடிங்க. தாங்க முடியலைன்னா சொல்லிட்டுப் போயிட்டு மறுபடி குடிங்க, பாதி போயிட்டு அடக்கிறது யாருக்கும் வராது.

சாப்பாட்டுல கேஸ் பிடிக்கிறதை விடுங்க, மொச்சை, தட்டாம்பயறு, பனங்கிழங்கு சீசன்ல அது. கேஸ் நிறைஞ்ச குடல் ப்ராஸ்டேட்டை நகட்டிரும், டேபிள்ல இருந்து எறக்கி விட்டு மறுபடி வரச் சொல்லுவாங்க. மீன் சாப்பிடலாமா? தாராளமா. கரண்டு வச்ச உடம்புக்கு மீன் சூடுன்னு பத்தியம் போட்டு ஆளை வத்த விடாதீங்க, காரத்தை மட்டும் கொறைங்க. மூணாவது வாரம் போல ஒன்னுக்கு எரிச்சல், அடிக்கடி போறது, வயிறு இளகுறது, அசதி ஆரம்பிக்கும், மாத்திரை இருக்கு, சொன்னாத்தான் குடுப்பாங்க.

உள் கரண்டு அன்னைக்கு

வெளிக் கரண்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ, ரெண்டு மூணு வார இடைவெளியில இது நடக்கும். ரெண்டு வகை. ஒன்னு, ஐயோடின் 125 மாதிரி சின்னச் சின்ன விதைய உள்ளயே நிரந்தரமா விட்டுறது, அதோட வீரியம் 60 நாளைக்கு ஒரு தடவ பாதியாகும். இன்னொன்னு எச்டிஆர், இரிடியம் 192 மூலத்தைத் தற்காலிகமா ஊசி வழியா உள்ள அனுப்பித் திரும்ப எடுத்துறது. நம்ம நாட்டுல பெரும்பாலும் ரெண்டாவதுதான், வெளிக் கரண்டோட சேக்கிறப்போ ஒரே தடவையில 15 கிரேங்கிறது பரவலா இருக்கிற அளவு.

முதல் நாளே வயித்தைச் சுத்தம் பண்ண எனிமா, வெறும் வயிறு. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துரும், இல்ல முழு மயக்கம். கால் ரெண்டையும் தூக்கிக் கட்டி, மலவாய் வழியா ஸ்கேன் கருவிய விட்டு, விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவுல உள்ள தோல்ல, வரிசையா ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டைய வச்சு, அந்த ஓட்டை வழியா பதினஞ்சு இருபது மெல்லிசு ஊசிய ஸ்கேன்ல பாத்துப் பாத்து உள்ள இறக்குவாங்க. கேக்கவே குலை நடுங்கும், ஆனா அப்ப ஒன்னும் தெரியாது. அப்பறம் கம்ப்யூட்டர்ல பிளான் போட நேரம் எடுக்கும், அசையாம கிடக்கணும், இதுதான் பெரிய பாடு, முதுகு பிடிக்கும். பிளான் ஆனதும் ஒவ்வொரு ஊசியோடயும் மெஷின் ஒயரை மாட்டிட்டு எல்லாரும் வெளியில போயிருவாங்க, கேமரா மைக் இருக்கும், பத்து இருபது நிமிஷத்துல கரண்டு முடிஞ்சிரும். ஊசிய உருவிட்டு அழுத்திப் பிடிப்பாங்க. ஒன்னுக்கு டியூப் அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ எடுப்பாங்க.

எச்டிஆர் முடிஞ்சு வந்தவர் உடம்புல கதிர்வீச்சு ஒரு துளி கிடையாது. பேரப்புள்ளைய அன்னைக்கே மடியில வச்சுக்கலாம். விதை வச்சிருந்தாத்தான் ரெண்டு மாசம் போல கர்ப்பிணிங்களும் சின்னப் புள்ளைங்களும் ரொம்ப நேரம் ஒட்டி உக்காரக் கூடாது, அதுக்கு எழுதிக் குடுக்கிற கார்டைப் பர்ஸ்ல வச்சுக்கணும்.

வீட்டுக்கு வந்ததும்

டியூப் எடுத்த பிறகு ஒன்னுக்கு ஒழுங்கா வர்றதைப் பாக்காம ஊருக்குக் கிளம்பாதீங்க. மானாமதுரை தாண்டினப்பறம் அடைச்சுக்கிட்டா எங்க போவீங்க? ரெண்டு நாள் ஒன்னுக்குல லேசா ரத்தம் வரும், விந்துல சில வாரம் வரும், பயப்பட வேணாம். ஆனா ஒன்னுக்கு சுத்தமா நின்னுபோச்சு, ரத்தம் கட்டி கட்டியா வருது, குளிர் காய்ச்சல்னா உடனே பக்கத்து ஜிஎச்சுக்கு, டிஸ்சார்ஜ் பேப்பரோட. "ப்ராஸ்டேட்ல ஊசி வச்சு கரண்டு குடுத்திருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க, அப்பத்தான் டியூபைப் பாத்துப் பக்குவமா போடுவாங்க. கனம் தூக்குறது, வலை இழுக்கிறது, பைக்ல குலுங்கிப் போறது, கடல்ல குளிக்கிறது, இதெல்லாம் ஊசித் தழும்பு ஆறி டாக்டர் சரின்னு சொன்னப்பறம்.

ஒன்னுக்கு ஃப்ரீயா போக டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சில மாசத்துக்கு இருக்கும், படுத்து எந்திரிக்கிறப்போ தலை சுத்தும், மெதுவா எந்திரிங்க. மாசக்கணக்குல கழிச்சு ஒன்னுக்குத் தாரை மெலிஞ்சுக்கிட்டே வந்தா மூத்திரக் குழாய் சுருங்குதுன்னு அர்த்தம், வயசாச்சுன்னு விட்டுறாதீங்க, யூராலஜிகிட்ட காட்டுங்க. ஆண்மைக் குறைவும் வரலாம், அதுக்கும் மாத்திரை இருக்கு, ஆனா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க அதைத் தொடவே கூடாது, மெடிக்கல்ல போய் நீங்களா வாங்காதீங்க.

பிஎஸ்ஏ மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, முடிஞ்சவரைக்கும் ஒரே லேப்ல. கொறைஞ்சுக்கிட்டே வரும், ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஒரு தடவ லேசா ஏறி மறுபடி எறங்கும், இது நிறையப் பேருக்கு நடக்குது, அந்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு வீட்ல அழுது கூட்டம் போடாதீங்க. எறங்கின அடிமட்டத்துல இருந்து 2க்கு மேல ஏறினாத்தான் திரும்பிருச்சோன்னு டாக்டர்ங்க சந்தேகப்படுறாங்க, ஹார்மோன் ஊசி நிறுத்தினப்பறம் கொஞ்சம் ஏறுறதும் உண்டு, அதை அவங்களே பிரிச்சுப் பாப்பாங்க.

கடைசியா ஒன்னு, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு மலத்துல லேசா ரத்தம் வந்து, வேற எங்கயாவது கொலோனோஸ்கோப்பி பண்றாங்கன்னா, கரண்டு வாங்கின ஆளுன்னு முன்னாடியே சொல்லிருங்க. மலக்குடலோட முன்பக்கச் சுவர்ல, கரண்டு பட்ட இடத்துல, சதை கிள்ளி எடுத்தா புண் ஆறாம ஓட்டை விழுந்திரலாம். கரண்டு குடுத்த டாக்டர்ட்ட போன்ல கேட்டுட்டுத்தான் அங்க கை வைக்கணும்.